ஆறுக்கு அடுத்தது

சிதம்பரத்து வாசகர் வட்டம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தது. அழைப்பில் என் பெயருக்குக் கீழே, சிறையில் பணியாற்றியவர் என்று போட்டுவிட்டார்கள். நான் சிறைக்குள் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அதன் வாசலில் பார்த்தேன். பஸ்ஸின் கடைசி சீட்டில் பார்த்தேன். கோர்ட் வராந்தாவில் தூணோடு தூணாக நின்று பார்த்தேன். ஆயுதப்படையில் காவலனாகச் சேர்ந்து, ஏட்டாகி, முழங்கால் தேய்ந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு செம்மண்டலத்து வீட்டில் உட்கார்ந்திருப்பவன் நான். என் தொழிலுக்கு வழிக்காவல் என்று பெயர், எங்கள் பேச்சில் எஸ்கார்ட். கடலூர் சிறை வாசலில் கைதியை வாங்க வேண்டும், சிதம்பரத்தில் நீதிபதி முன்னால் காட்ட வேண்டும், சாயங்காலம் கடலூரில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பார்சல் மாதிரி. ஆனால் பார்சலுக்குக் கை வியர்க்காது.

அன்றைக்குக் கூட்டத்தில் நாலு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மதியம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பேசச் சொன்னது ஒரு குறுநாவலைப் பற்றி. அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தவன் சுந்தர். என்னோடு பல வருஷம் எஸ்கார்ட் வந்த பையன், இப்போது அவனே ஏட்டு. பைக்கை நிறுத்தும்போதே வாசலில் சத்தம் போட்டான்.

"அண்ணே, ஜெயில்ல நம்பிக்கையப் பத்தி ஒரு கதை. சின்ன புக்குதான். போறப்ப பாதி, வர்றப்ப பாதி, ஒரு எஸ்கார்ட்டுல முடிச்சுடலாம்."

"நீ முடிச்சியா?"

"எங்கண்ணே எஸ்கார்ட்டு? இப்பல்லாம் வாய்தாவே டிவி பொட்டியில நடக்குது. ஜட்ஜு அங்க, கைதி இங்க. பேர கேக்குறாங்க, தலைய ஆட்டுறான், முடிஞ்சுது. சிதம்பரமே மறந்துபோச்சு போங்க."

அவன் சிரித்துக்கொண்டு போனான். டிவி பெட்டியா? அப்படியென்றால் அந்த ரோடு என்ன ஆனது?

புத்தகத்தைப் படித்தேன். ஒரு ஆயுள் கைதி. சுவரின் உச்சியில் ஜன்னல், அதில் கைக்குட்டை அளவு வானம். உடைந்த குவளையில் ஒரு செடி வளர்க்கிறான். செடி வாடுகிறது, துளிர்க்கிறது, வாடுகிறது. கடைசிப் பக்கத்தில் கதவு திறக்கிறது, வெளியே வெயில், அவன் சிரிக்கிறான். எழுதியவர் வயதில் சின்னவர், தமிழ் நன்றாக வருகிறது, பெயரைச் சொல்லி நோகடிக்க எனக்கு மனசில்லை. மூடி வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். சரி, கதவு திறந்தது. வெயில் அடித்தது. சிரித்தான். அப்புறம் எந்தப் பக்கம் திரும்பி நடந்தான்? அதைச் சொல்லாமல் புத்தகத்தை மூட ஒருவருக்கு எப்படிக் கை வருகிறது?

நான் கூட்டிப்போனவர்கள் யாரும் வானத்தைப் பற்றிப் பேசியதில்லை. வாய்தாவைப் பற்றித்தான் பேசுவார்கள். வழக்கைத் தள்ளிப்போட்டு ஜட்ஜ் சொல்லும் அடுத்த தேதிதான் வாய்தா. வெளியில் இருப்பவனுக்கு அது இழுத்தடிப்பு, ஜாஸ்தி அலைச்சல். உள்ளே இருப்பவனுக்கு அது ஒரு பஸ் பயணம். ஓல்ட் டவுன் தாண்டியதும் மூக்கில் ஏறும் ரசாயன நெடி, ஆலப்பாக்கத்தில் உப்புக் காற்று, வெள்ளாற்றுப் பாலத்தில் ஒரு கணம் வெட்டவெளி, கோர்ட் வாசலில் தெரிந்த முகம் ஒன்று. பரங்கிப்பேட்டைக்கார வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் ஒரு முறை வராந்தாவில் சொன்னார்: "வாய்தாங்கறது எங்க பெரியவுங்க அரபிப் பேச்சுலேர்ந்து வந்த வார்த்த சார். வாக்கு குடுக்கறதுன்னு அர்த்தம்." தள்ளிப்போடுவதற்கு வாக்குறுதி என்று பெயர். அதன்பிறகு ஜட்ஜ் தேதி சொல்லும்போதெல்லாம் என் காதில் அது வேறு மாதிரி விழ ஆரம்பித்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினோம். துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டினோம். கறுத்தோம். ஒரு மனிதனின் கையை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை, பிற்பாடு வேலையே அதுவாகிப்போனது. கோர்ட் அனுமதி இல்லாமல் விலங்கு போடக் கூடாது. ஆகவே கைதியோடு கை கோத்துத்தான் நடக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவன் விரல்களுக்கு நடுவில் நம் விரல்கள். உள்ளங்கை ஒட்டக் கூடாது, ஒட்டினால் வியர்வையில் வழுக்கும். கட்டைவிரல் அவன் மணிக்கட்டு நரம்பின் மேல் இருக்க வேண்டும். ஓட நினைப்பவனுக்குக் காலுக்கு முன்னால் அந்த நரம்பு ஓடும். தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழாவுக்குப் போகும் சிநேகிதர்கள் மாதிரி இருப்போம். என் மனைவியோடு நான் அப்படித் தெருவில் நடந்ததில்லை.

எங்கள் எஸ்கார்ட்டுக்குப் பெரும்பாலும் சவரிமுத்து ஐயாதான் பொறுப்பு. சிறப்பு உதவி ஆய்வாளர். பெருத்த உடம்பு, மெல்லிய குரல். சிறை வாசலில் மற்ற அதிகாரிகள் பேரைக் கேட்டுவிட்டு ஆளை ஏற்றிக்கொள்வார்கள். இவர் காகிதத்தில் எழுதியிருக்கிற அங்க அடையாளத்தை உடம்பில் தேடுவார். வலது புருவத்தில் தழும்பு, சரி. இடது முழங்கைக்கு மேலே மச்சம், சட்டைக் கையைத் தூக்கிப் பார்ப்பார், சரி. பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. அந்தச் சட்டைக் கையை இறக்கிச் சுருக்கம் எடுத்துவிடுவதும் அவரேதான். அப்புறம் ஒவ்வொரு கைதிக்கும் அதே பேச்சு:

"கேளு மாப்ள. நீயும் ஓட வேணாம், நானும் தொரத்த வேணாம். எனக்கு சுகர். பாதி வழியில நான் உக்காந்துட்டா நீதான் என்ன தூக்கிட்டு வரணும்."

எப்பேர்ப்பட்ட ஆளும் சிரித்துவிடுவான். நான் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வருவேன் என்பதால் எனக்குக் கவிஞர் என்று பெயர் வைத்திருந்தார். "கவிஞரே, கொக்க பாத்தது போதும், கைய பாரு" என்பார்.

கைதியிடம் என்ன செய்தாய் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. சீக்கிரம் வந்துவிடுவாய் என்று ஆறுதல் சொல்லியும் பார்த்ததில்லை. ஒரு தடவை நான் யாரிடமோ அப்படிச் சொல்லப்போக, தனியாகக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "வாய்தா ஜட்ஜு வாயிலேர்ந்துதான்யா வரணும். நம்ம வாயிலேர்ந்து வரக் கூடாது."

ஏழுமலையை நாங்கள் அழைத்துப்போக ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான்.

கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். டிராக்டர் ஓட்டுகிறவன். மனைவியின் அண்ணன் கலியமூர்த்தியைக் கொன்றதாக வழக்கு. அடுத்தடுத்த வயல், ஒன்றாகக் குடிப்பவர்கள், ஒன்றாகச் சினிமாவுக்குப் போகிறவர்கள். நடவு சமயத்தில் மதகுத் தண்ணீருக்காக ஒரு வாய்ச் சண்டை. கலியமூர்த்தி வாய்க்கால் கல்லில் மண்டை உடைந்து செத்துப்போனார். தள்ளினான் என்றது போலீஸ். வழுக்கி விழுந்தார் என்றான் ஏழுமலை. பக்கத்தில் இருந்தது ஒரே ஓர் ஆள். நாற்று முடி எடுத்துக்கொண்டிருந்த பூங்கொடி. ஏழுமலைக்கு மனைவி, செத்தவருக்குத் தங்கை, அரசுத் தரப்புக்கு முக்கிய சாட்சி. பிள்ளை குட்டி கிடையாது. சம்பவத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கே போய், விதவையாகிவிட்ட அண்ணியோடு இருந்தாள். ஏழுமலைக்கு ஜாமீன் நிற்க யாரும் வரவில்லை. அவன் சொந்தமெல்லாம் செத்தவருக்கும் சொந்தம்.

அந்தச் சமயம் சுந்தருக்கு உலகமே மச்சான். கண்டக்டர் மச்சான், பூக்காரர் மச்சான், வழி கேட்டால் கேட்பவன் மச்சான். முதல் நாளே புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியே தலையை நீட்டி, "டேய் மச்சான், நாலு டீ" என்று கத்தினான். என் விரல்களுக்குள் இருந்த ஏழுமலையின் விரல்கள் சடக்கென்று மடங்கின. சுடுபட்ட மாதிரி. சவரிமுத்து ஐயா பார்த்துவிட்டார்.

"சுந்தரு, இன்னிலேர்ந்து இந்த வண்டியில எல்லாரையும் சார்னு கூப்புடு."

"டீக்கடைக்காரனையுமாய்யா?"

"அவனையுந்தான்."

"சார், நாலு டீ சார்" என்று சுந்தர் கத்த, டீக்கடைக்காரர் பயந்துபோய்க் காசே கேட்கவில்லை. தன்னையும் சார் என்று கூப்பிடுவதைக் கேட்ட கண்டக்டர் என்னிடம் குனிந்து, "என்ன சார், எங்க டிப்போவுல யாரு மேலயாச்சும் கேஸா?" என்று கேட்டார். ஏழுமலை முதல் தடவையாகச் சிரித்தான். ஆனால் விரல் மடங்கியது மடங்கியதுதான். அந்த விரல்தான் தள்ளியதா என்று, அவ்வளவு நாள் அதைப் பிடித்திருந்த எனக்கு இன்றைக்கும் தெரியாது.

போகப் போகப் பேச ஆரம்பித்தான். எல்லாப் பேச்சும் சுற்றிச் சுற்றி அவளிடமே வரும்.

"கல்யாணம் ஆன புதுசுல எம் பேரு வாயில வந்துரும்னு, ஏழுங்கற கணக்கே சொல்ல மாட்டாய்யா. கடையில ஏழு முட்ட வேணும்னா, ஆறு குடு, இன்னும் ஒண்ணு குடும்பா. மணி ஏழுன்னா ஆறுக்கு அடுத்ததும்பா. நான் வேணும்னே கேப்பேன், வாரத்துக்கு எத்தினி நாளு பூங்கொடின்னு. உங்களுக்கு வேற வேலயே இல்லியா மாமாம்பா."

மாமா. அவள் அவனைக் கூப்பிட்டது அப்படித்தான்.

"கெட்டிக்காரிப்பா" என்றார் சவரிமுத்து ஐயா, கண்ணை மூடிக்கொண்டே. "எங்க வீட்டுக்காரி எம் பேர சொல்லித்தான் நாய கூப்புடுறா."

கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசையாகப் போடுவார்கள். குற்றப் பத்திரிகை நகலை வாங்கிய அன்று ஏழுமலை அதை வழியெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தான். தன் பெயர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் எதிரி, எதிரி, எதிரி. முட்லூர் தாண்டும்போது என்னிடம் கேட்டான்.

"ஐயா, அவ கூண்டுல ஏறினா வக்கீலு மொதல்ல என்ன கேப்பாரு?"

"எதிரிய தெரியுமா, எதிரி உனக்கு என்ன ஆவணும்னு கேப்பாங்க."

"அவ என்னா சொல்லுவா?"

"எனக்கு எப்புடிப்பா தெரியும்?"

வெளியே பார்த்தான். "எங்க மாமான்னு சொல்லிட்டா போதுங்கய்யா. அப்பறம் ஆயுளோ தூக்கோ, என்னமோ போடட்டும். எதிரின்னு சொல்லிட்டா, விடுதலையே ஆனாலும் நான் எங்கய்யா போவேன்?"

அவன் கேட்டது அவ்வளவுதான். வானம் கேட்கவில்லை. ஒரு வார்த்தை. இரண்டே எழுத்து.

கோர்ட் வளாகத்தில் ஒரு புங்கமரம். வாய்தாவுக்கு வாய்தா பூங்கொடி அதன் அடியில் வந்து நிற்பாள். சம்மன் இருந்தாலும் வருவாள், இல்லாவிட்டாலும் வருவாள். அண்ணனுக்காக வருகிறாளா, புருஷனுக்காக வருகிறாளா என்று வராந்தாவில் யாருக்கும் புரிபடவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை. யாரிடமும் பேச்சு இல்லை. உள்ளேயிருந்து கோர்ட் சேவகரான டவாலி வாசலுக்கு வந்து, ஏழுமலை, ஏழுமலை, ஏழுமலை என்று மூன்று தரம் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். ஒவ்வொரு தரமும் அவள் தலை குனியும். யாரோ திட்டுகிற மாதிரி.

சாட்சியோடு எதிரி பேசக் கூடாது. பேசவிட்டால் எங்களுக்கு மெமோ. சவரிமுத்து ஐயா மரம் தெரிகிற மாதிரி ஒரு தூணைத் தேர்ந்து எங்களை நிறுத்துவார். "பேசக் கூடாது மாப்ள. பாக்கறதுக்கு ஒண்ணும் எழுதி வெக்கல" என்பார். எழுதி வைக்காததை எல்லாம் அவர் கைதிக்குக் கொடுத்துவிடுவார்.

ஜட்ஜ் லீவு, வாய்தா. வக்கீல்கள் புறக்கணிப்பு, வாய்தா. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டார், வாய்தா. வராந்தாவில் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். ஏழுமலைக்கு மட்டும் திரும்பும்போது கை லேசாக இருக்கும். பஸ் கிளம்பியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவான்.

"என்னடா, இன்னும் உள்ளதான் இருக்க, சந்தோசமா தூங்குற?" என்று சுந்தர் ஒரு நாள் சீண்டினான்.

கண்ணைத் திறக்காமலே சொன்னான். "இன்னிக்கும் எதிரின்னு சொல்லல இல்லண்ணே."

நாவல் எழுதியவர் அந்தக் கடைசி சீட்டில் எங்களோடு உட்கார்ந்து வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். தள்ளிப்போவதில் ஒருவன் உயிர் வளர்த்ததை அவர் எழுதியிருப்பார். என்னைவிட நன்றாக எழுதியிருப்பார்.

அவள் கூண்டில் ஏறிய நாளும் வந்தது. மழை பிடித்துக்கொண்டிருந்தது. போகிற வழியெல்லாம் ஏழுமலையின் நரம்பு என் கட்டைவிரலுக்கு அடியில் குதித்துக்கொண்டே வந்தது. கோர்ட் ஹாலில் எதிரிக் கூண்டில் ஏற்றியதும் கையை விட்டுவிட வேண்டும். விட்டேன். அவன் கை கம்பியைப் பிடித்துக்கொண்டது. என் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பெல்ட்டில் கோத்துக்கொண்டேன்.

பூங்கொடி ஈரப் புடவையோடு எதிர்க் கூண்டில் நின்றாள். பின் வரிசை பெஞ்சில் அவள் அண்ணி. அரசு வக்கீல் எழுந்தார்.

"எதிரியைத் தெரியுமா?"

"தெரியும்."

"எதிரி உங்களுக்கு என்ன உறவு?"

அவள் வாய் திறந்தது. மூடியது. மேலே மின்விசிறி கடகடத்தது. டைப் அடிக்கிற அம்மா விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சவரிமுத்து ஐயா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா. என்ன உறவு?"

மழைச் சத்தம்.

ஜட்ஜ் கனிவாகத்தான் சொன்னார். "பேரையாவது சொல்லும்மா. எதிரி பேர் என்ன?"

அவள் தலையை நிமிர்த்தினாள். எதிர்க் கூண்டை நேராகப் பார்த்தாள்.

"ஏழுமலை" என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். அதில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. ரேஷன் கடையில் கார்டுக்காரர் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள். முட்டைக் கணக்கில்கூட வராத பெயர். டைப் மிஷின் அதை அடித்து வைத்துக்கொண்டது.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சண்டைச் சத்தம் கேட்டதா? கேட்டது. தள்ளியதைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை, குனிந்திருந்தேன், சத்தம் கேட்டுத் திரும்பினேன், அண்ணன் கிடந்தார். பார்த்ததாகப் போலீஸில் சொல்லியிருக்கிறீர்களே? நான் அப்படிச் சொல்லவில்லை. எவ்வளவு குடைந்தும் அந்த 'பார்க்கவில்லை' அசையவில்லை. அரசு வக்கீல் அவளைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கும்படி ஜட்ஜைக் கேட்டார். வழக்கு அந்த இடத்திலேயே முறிந்தது. வெளியே வந்ததும் அந்தப் பரங்கிப்பேட்டைக் குமாஸ்தா என் காதில், "உங்க ஆளு வெளிய வந்த மாதிரிதான் சார்" என்றார்.

ஏழுமலையின் கையைத் திரும்பக் கோத்தேன். ஜில்லென்றிருந்தது. கட்டைவிரலால் நரம்பைத் தேடினேன். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவனை சுந்தரிடம் ஒப்படைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். பூங்கொடி அங்கே காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாட்சி முடிந்துவிட்டது, இனி அவளோடு பேசினால் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஒரு வார்த்தைக்காக இத்தன நாளு வந்தான்ம்மா. மாமான்னு சொல்லியிருக்கலாமே."

அவள் நிமிரவில்லை. "பின்னாடி அண்ணி உக்காந்திருந்தாங்க சார். வெறும் கழுத்தோட. அவுங்க கேக்க அந்த வார்த்த எப்புடி சார் வரும்?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எதிரின்னும் வரல. பேருதான் மிச்சம் இருந்துச்சு."

குழாயை இறுக்கி மூடிவிட்டு, மஞ்சள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

தீர்ப்பு நாளில் அவள் வரவில்லை. புங்கமரத்தடியில் யாருடைய பைக்கோ நின்றது. விடுதலை என்றார் ஜட்ஜ். ஏழுமலை கைகூப்பக்கூட இல்லை. விடுதலையானவனையும் அன்றைக்குத் திரும்பச் சிறைக்குக் கொண்டுபோய், அங்கே வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே விடுவார்கள். பஸ் ஏறப் போகும்போது பழக்க தோஷத்தில் நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன்.

"கைய எடு கவிஞரே" என்றார் சவரிமுத்து ஐயா. "அவரு இப்ப பப்ளிக்." பிறகு அவனிடம், "ஏறுங்க ஏழுமலை" என்றார். மாப்ளயும் போய்விட்டது.

ஜன்னலோரம் உட்காரவைத்தோம். சுந்தர் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி ஏழுமலையின் மடியில் வைத்தான், அவன் பிரிக்கவில்லை. அவன் கை தொடையின் மேல் மல்லாந்து கிடந்தது. விரல்கள் அகன்றே இருந்தன. நடுவில் இன்னொரு கை இருப்பது போல. வழியெல்லாம் அந்த விரல்கள் சேரவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் வெளிச்சம் உள்ளே வந்தபோது கேட்டான்.

"ஐயா, அடுத்த வாய்தா எப்பங்கய்யா?"

சுந்தர் என்னைப் பார்த்தான். நான் சவரிமுத்து ஐயாவைப் பார்த்தேன். யாருக்கும் எதையும் வாக்குக் கொடுக்காத அந்த மனுஷன் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.

"இல்ல ஏழுமலை. இனிமே வாய்தா இல்ல."

எந்தக் கோர்ட்டிலும் அதைவிடக் கடுமையான தீர்ப்பு என் காதில் விழுந்ததில்லை.

சிறை வாசலில் ஒப்படைக்கும்போதும் ஐயா சட்டைக் கையைத் தூக்கி அந்த மச்சத்தைப் பார்த்தார். எதற்குப் பார்த்தாரோ. இறக்கிவிட்டு, சுருக்கம் எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். கதவு திறந்தது. வெயில்தான். ஏழுமலை உள்ளே போனான். மறுநாள் அதே கதவு திறந்து அவனை வெளியே விட்டிருக்கும். அன்றும் வெயில் அடித்திருக்கும். அவன் சிரித்திருப்பான் என்று நான் நம்பவில்லை.

வாசகர் வட்டத்தில் கல்லூரி ஆசிரியை ஒருவர் என்னைக் கேட்டார், அப்படியென்றால் சிறையில் நம்பிக்கைக்கே இடமில்லை என்கிறீர்களா என்று. "இருந்ததும்மா, அங்கேதான் இருந்தது" என்றேன். அதுதான் என் நாலாவது வாக்கியம். கை தட்டினார்கள். எதற்கென்று புரியவில்லை.

கூட்டம் சாயங்காலம்தான் என்றாலும் நான் மதியமே சிதம்பரம் வந்து இறங்கியிருந்தேன். முழங்கால் வலித்தாலும் கால் தானாகக் கோர்ட்டுக்குப் போனது. வராந்தாவில் கூட்டம் குறைந்திருந்தது. எஸ்கார்ட் போலீஸ் ஒரே ஒரு ஜோடி. புங்கமரம் இன்னும் பெருத்திருந்தது. அடியில் ஓர் ஆள், கையில் துணிப்பை. தலை பாதி நரைத்திருந்தது. நிற்கிற தினுசில் கண்டுபிடித்துவிட்டேன்.

"ஏழுமலை."

திரும்பினான். அடையாளம் தெரிய நேரமாயிற்று. பிறகு, "ஐயா" என்று கும்பிட்டான்.

"என்னப்பா இங்க? எதாவது கேஸா?"

"இல்லய்யா. சும்மா." புவனகிரிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் வேலை என்றான். அங்கேயே படுக்கை. வேலை இல்லாத நாளில் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவானாம்.

"பூங்கொடி..?"

"ஊர்லதான் இருக்கா. அண்ணியோட."

"பாத்தியா?"

"பாக்கலய்யா. அவ எதுக்கு இங்க வரப்போறா." அவள் வரமாட்டாள் என்று தெரிந்த ஒரே இடத்தில் வந்து நிற்கிறான்.

உள்ளேயிருந்து டவாலி வந்தார். வேறு யாருடைய பெயரையோ மூன்று தரம் கூப்பிட்டார். ஒவ்வொரு தரமும் ஏழுமலையின் தலை குனிந்தது.

டீ சாப்பிடலாம் என்று கூட்டிப்போனேன். ரோட்டைக் கடக்கும்போது என் கைக்குள் அவன் கை வந்து கோத்துக்கொண்டது. அவன் பார்க்கவில்லை, லாரி வருகிறதா என்று வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் போன பிறகும் விடவில்லை. நானும் விடவில்லை. டீக்கடையில் இரண்டு பேரும் ஒரு கையாலேயே டம்ளரைப் பிடித்துக் குடித்தோம்.

கூட்டத்துக்கு நேரமாயிற்று. கிளம்ப வேண்டும். "எப்ப திரும்பிப் போவ?" என்றேன். "எத்தன மணிக்குப் பஸ்சு?"

மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆறுக்கு அடுத்ததுக்கு ஒண்ணு இருக்குங்கய்யா."